எட்டாவது குன்றிமணி

வாழவந்தி நாடு, கொல்லிமலை
தாது வருஷம் ஆனி மாதம், புதன்கிழமை காலை

கடல் தாண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் மகள் பொன்னம்மாளுக்கு, மலையிலிருந்து உன் அய்யன் அப்பாசாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை அர்த்தனாரியும் அங்கத்து மழையிலும் குளிரிலும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இதற்கு அடுத்தாற்போல் இங்கு யாவரும் சுகம் என்று ஒரு வரி எழுதுவது என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, அதற்காக மேலே ஒரு விரல்கடை இடம் விட்டு வைத்திருக்கிறேன். பங்காளி அண்ணாமலை துறையூருக்குப் புறப்படும்போது இதைத் தபாலில் போடக் கொடுக்க வேண்டும், அதற்குள் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரிந்துவிடும். பயப்படாமல் படி என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது கண்ணு, நானே பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை மடுவத்துக்கு ஓடிப்போய் அங்கே விதை என்று என்ன கிடந்தாலும் ஒன்று விடாமல் பொறுக்கி அடுப்பில் போடு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள் பதினாறு பேரைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்து வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள், விளையாட்டுச் சாமான் ஒன்றுமில்லை, என் பிள்ளை ராமாயியை அங்கே எப்படி அய்யா சமாளிக்கிறீர்கள் என்று நீ கேட்டாய். நானும் பெரிய வாத்தியார் மாதிரி நாலு பக்கம் எழுதினேன். அவரை, மொச்சை, புளியங்கொட்டை, ஆமணக்கு எல்லாவற்றையும் கலந்து கொட்டி, ஒன்றுக்கு ஒன்று சோடி சேர்க்கச் சொல், பிள்ளைகள் அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்று எழுதினேன். அதிலும் விஷக் கொட்டையான ஆமணக்கை வேறு எழுதித் தொலைத்தேன். அந்த எழுத்தை நினைத்தால் என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது, கால் ஒடிந்தது போதாது என்று. இங்கே நடந்தது இன்னும் முடியவில்லை, முடியட்டும் என்று காத்திருந்து எழுதினால் அதற்குள் அங்கே ஒரு பிள்ளை வாயில் போட்டுவிடும், அதனால்தான் முடிவு தெரியாமலே எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பலா மரத்திலிருந்து விழுந்ததும், செங்கோடன் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியதும் உனக்குத் தெரியும். இரண்டு மாசமாகக் கட்டிலை விட்டு இறங்கினால் தவழ்ந்துதான் போகிறேன். உன் ஆத்தாள் விடிந்ததும் பள்ளத்து வயலுக்குப் போய்விடுவாள், ஊட்டில் கால் ஒடிந்தவன் ஒருவனும் புதிதாய்க் கால் முளைத்தவள் ஒருத்தியும்தான். அவளை என் கண்ணெதிரே உட்கார வைக்க வேறு வழியில்லாமல் கண்டுபிடித்ததுதான் இந்தச் சோடி விளையாட்டு. முதல் நாள் மூன்று சட்டியையும் மூன்று மூடியையும் முன்னால் வைத்தேன். சின்ன மூடியைப் பெரிய சட்டியில் வைத்தாள், உள்ளே விழுந்தது, விழுந்ததை எடுத்து மறுபடி வைத்தாள், ஒரு பத்துத் தடவை. பதினோராவது தடவை அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னச் சட்டி மேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பார்க்க வேண்டுமே அந்த முகத்தை. பிறகு இரண்டு தேங்காயை உடைத்து நாலு கொட்டாங்கச்சியையும் கலந்து போட்டேன். ஒரே காயின் இரண்டு பாதிதான் வாயோடு வாய் பொருந்தும், வேறு பாதி பொருந்தாது. அதையும் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். பலா இலைக்குப் பலா இலை, கொய்யா இலைக்குக் கொய்யா இலை, உழக்குக்குள் ஆழாக்கு, உன் ஆத்தாளின் பழைய வளையல், கிழிந்த துணித் துண்டு என்று ஊட்டில் உள்ளது எல்லாம் விளையாட்டுச் சாமான் ஆயிற்று. இரண்டரை வயசில் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்குத் தலை கனத்துப் போயிற்று. அந்தக் கனத்தில்தான் விதைக்குப் போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே தொங்கும் அவரை விதைக் குடுக்கையை ஒரு கோலால் தட்டி இறக்கினேன். எப்போதும் மேலாக ஒரு கை விதைதான் அள்ளிக் கொடுப்பேன், வெள்ளை, கறுப்பு, புள்ளி போட்டது என்று பிரித்துச் சோடி வைப்பாள். அன்றைக்கு அவளே குடுக்கையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து முறத்தில் கொட்டிவிட்டாள், கெட்டிக்காரி என்று நான் சிரித்தேன். குடுக்கையின் அடியில் என்ன கிடக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். விதைப்புக்கு முன்னால் ஊரில் உள்ள குடுக்கை எல்லாவற்றையும் கோயிலில் ஒரே இடத்தில் வைத்து எடுக்கிறோமே, எல்லாச் சுரைக்குடுக்கையும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அடியில் அவரவர் வீட்டு அடையாளமாகக் குன்றிமணி போட்டு வைக்கிறோம். பூச்சி அரிக்காது, மக்காது, உள்ளே இருக்கிற பருப்புதான் விஷம். பங்காளி அண்ணாமலை ஊட்டுக்கு ஆறு, நம் ஊட்டுக்கு எட்டு. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை கொட்டி எண்ணின எனக்கு அன்றைக்கு அந்த நினைவே வரவில்லை.

உன் ஆத்தாளிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன், அவளுக்கு எழுதிவிடாதே. நான் கண் அசந்துவிட்டேன். காலில் முந்தின நாள் பூராவும் குடைச்சல், மழைச் சத்தம் வேறு, ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் இருக்கும். கண்ணைத் திறந்தபோது பிள்ளை முறத்துக்கு எதிரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவரையை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சிவப்பு மணிகளை மட்டும் தனியாக எடுத்து, இரண்டிரண்டாக வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகப் பிரித்திருக்கிறாளே என்று முதலில் சந்தோஷப்பட்டேன், பாவி. ஒரு சோடி, இரண்டு சோடி, மூன்று சோடி, அதற்குப் பக்கத்தில் ஒன்று தனியாக. அந்தத் தனி மணியைப் பார்த்ததும்தான் எட்டு இருக்க வேண்டுமே, ஏழுதானே இருக்கிறது என்று உறைத்தது. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. ராமாயி, வாயைத் தொற என்று கத்தினேன், கத்தின பயத்தில் கடக்கென்று விழுங்கினாள். அப்புறம் வாயைத் திறந்தாள், ஒன்றுமில்லை. கொஞ்சம் முன்னால் தின்ற பலாச்சுளை வாசம்தான் அடித்தது, மென்றது சுளையா மணியா என்று எந்தச் சாமிக்குத் தெரியும்.

கட்டிலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு போய் அவள் வாயில் விரலை விட்டேன், கடித்தாள், அழுதாள், நானும் அழுதேன். வாசற்படியில் கிடந்தபடியே உன் ஆத்தாளைக் கூப்பிட்டேன், பள்ளத்து வயலுக்குக் கேட்கிற தொண்டையா எனக்கு. அண்ணாமலை ஊட்டு நாய் கேட்டுக் குரைத்து, அண்ணாமலை கேட்டு வந்து, அவன் ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்தான். வந்தவள் முறத்தைப் பார்த்தாள், ஏழு மணியையும் எண்ணினாள், மறுபடி எண்ணினாள். ஏனுங்க, காலுத்தான் ஒடிஞ்சுதுன்னு இருந்தேன், புத்தியுமுங்களா ஒடிஞ்சு போச்சு என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், தட்டை நகர்த்துகிறாள், அவ்வளவுதான். திட்டினாலாவது நன்றாக இருக்கும்.

செங்கோடன் மழையில் நனைந்துகொண்டே வந்தான். என் காலைக் கட்டினவன் என்று பெயர், ஆனால் நாட்டில் பாம்புக்கடிக்கும் விஷத்துக்கும் அவனைத்தான் கூப்பிடுகிறோம். பிள்ளையின் நாக்கைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், வயிற்றை அமுக்கிப் பார்த்தான். முழுசா முழுங்கியிருந்தா முழுசா வெளிய வந்துரும் சாமி, பயமில்லீங்க, அந்தத் தோலு கல்லு மாதிரி. பல்லுல பட்டு ஒடைஞ்சிருந்தாத்தான் நம்ம கையில ஒண்ணுமில்லீங்க, மூணு நாளைக்குள்ள காட்டிரும் என்றான். இரத்தமாய் வெளியே போனாலும், நில்லாமல் வாந்தி எடுத்தாலும் ஒரு நொடி தாமதிக்காமல் துறையூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றான். தூக்கிக்கொண்டு எங்கே போவது. புளியஞ்சோலைக்கு இறங்குகிற வழியில் ஆறு மார்பளவு ஓடுகிறது, கட்டை கட்டையாக அடித்துக்கொண்டு வருகிறது என்று அண்ணாமலை பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவனே தன் மிளகு மூட்டையோடு மூன்று நாளாகப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். வாந்தியில் மணி இல்லை, சிவப்பாகவும் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்ததால் வந்த வாந்தியா, வேறா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பூராவும் அவள் எப்போது வெளிக்குப் போவாள் என்று காத்துக் கிடந்தோம். பூவரச இலையைப் போட்டு அதன் மேல் உட்கார வைத்து, போன பிறகு உன் ஆத்தாள் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து கிளறுவாள். ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள், சாமி வருகிற தேரைப் பார்க்கிற மாதிரி. மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் உன் ஆத்தாள் குச்சியைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எல்லாரும் மாற்றி மாற்றிப் பிள்ளையைக் கேட்டார்கள். சாமி, முழுங்கிட்டயா என்றால் ஊம் என்கிறாள். முழுங்கலயா என்றாலும் ஊம் என்கிறாள். கடிச்சயா என்றாலும் அதே ஊம்தான். பலாச்சுளை வேணுமா என்றாலும் ஊம். அதற்கு மேல் அவளை என்ன கேட்பது.

நேற்று மாலையிலிருந்து உடம்பு கதகதவென்று இருக்கிறது. தூளியிலேயே படுத்திருக்கிறாள். நீ போகும்போது விட்டுப் போன சிவப்புச் சேலை, கறுப்புக் கரை போட்டது, அதைத்தான் ஒரு வருஷமாகத் தூளி கட்டியிருக்கிறோம், வேறு துணியில் போட்டால் அவள் தூங்குவதில்லை. உன் ஆத்தாள் அதன் முந்தானையில் ஒரு வசம்பு முடிந்து தொங்க விட்டிருக்கிறாள், பிள்ளை அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். என் முகம் அவளுக்கு நினைவிருக்கிறதா அய்யா என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறாய். இரண்டு தடவையும் நான் அதைத் தாண்டிப் போய் மாடு கன்று போட்டதைப் பற்றி எழுதினேன். மூத்தவனைத் தோட்டத்து லயத்து வீட்டில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, இவளாவது மலைக் காற்றில் உயிரோடு இருக்கட்டும் என்று ஒன்றரை வயசுப் பிள்ளையை எங்கள் மடியில் போட்டுவிட்டுப் போனவள் நீ. உனக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. தலையில் கூடை வைத்துப் போகிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அம்மா என்கிறாள் கண்ணு, அதுதான் நிஜம். அப்படி நம்பி ஒப்படைத்த பிள்ளையை நான் ஒரு முறத்து விளையாட்டில் தொலைத்துவிட்டேனோ என்று நினைக்கும்போது எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணாமலை வந்தான். ஆறு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டதாம், இன்னும் ஒரு நாழிகையில் புறப்படுகிறானாம். பிள்ளையையும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்கிறான். செங்கோடன் வேண்டாம் என்கிறான், ஒடம்பு சுட்டுக்கிட்டு இருக்கற புள்ளைய மழையில, ஆத்துத் தண்ணியில கொண்டு போனா மணி கொல்லுதோ இல்லையோ குளிரு கொன்னுரும் என்கிறான். இரண்டு பேரும் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. உன் ஆத்தாள் கம்பளியை எடுத்து மடிக்கிறாள், கூடையில் வைக்கோல் போடுகிறாள். அவள் முடிவு செய்துவிட்டாள் என்று தெரிகிறது. மேலே விட்ட இடம் அப்படியே இருக்கிறது. நான் இதை இத்தோடு வைத்துவிட்டு ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பொன்னம்மா, கண்ணு, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தூளியண்டை தவழ்ந்து போனேன். பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தாள், என்னைப் பார்த்ததும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மறுபடி விரலை விடப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். இரண்டு நாளாக அவளோடு ஒருவரும் விளையாடவே இல்லை, அமுக்கினோம், குடைந்தோம், கசாயம் ஊற்றினோம், ஆளுக்கொரு கேள்வி கேட்டோம். கூடையில் போவதற்குள் சிரித்தாவது போகட்டும் என்று, உன் ஆத்தாள் துணியில் முடிந்து வைத்திருந்த ஏழு மணியில் அந்தத் தனி மணியை மட்டும் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஏங்கண்ணு, இதுக்குச் சோடி எங்க என்று கேட்டேன். சட்டியையும் மூடியையும் வைத்துக்கொண்டு தினமும் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். முழுங்கினாயா கடித்தாயா என்று கேட்டோமே தவிர, இந்த இரண்டு நாளில் இதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிள்ளை வாயிலிருந்து கையை எடுத்தாள். தூளியிலிருந்து காலைத் தொங்கப் போட்டு இறங்கினாள். முந்தானை முடிச்சைப் பிடித்து இழுத்து, அதன் மடிப்புக்குள் சின்ன விரலை விட்டுக் குடைந்தாள். வசம்புக்குப் பக்கத்தில், சிவப்புத் துணிக்கும் கறுப்புக் கரைக்கும் நடுவில், எட்டாவது மணி இருந்தது. தோலில் ஒரு கீறல் கூட இல்லை. திங்கட்கிழமையே உன் ஆத்தாள் தூளியை மூன்று தடவை உதறினாள், ஆனால் முடிச்சுத் தானே போட்ட முடிச்சு என்று அவிழ்த்துப் பார்க்கவில்லை. நான் அசந்திருந்த நேரத்தில் பிள்ளை எழுந்து போய் அங்கே செருகியிருக்கிறாள். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். நான் ஏதோ தெரியாத ஆள் மாதிரி என்னைப் பார்த்து, சேலையில் சிவப்பைத் தொட்டாள், கறுப்புக் கரையைத் தொட்டாள், மணியில் சிவப்பைத் தொட்டாள், கறுப்பைத் தொட்டாள். அம்மாது, சோடி என்றாள்.

உன் ஆத்தாள் கையிலிருந்த கம்பளி கீழே விழுந்தது. ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், காதுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. ஏனுங்க, இதை முந்தாநாளே கேக்கறதுக்கு என்னங்க என்று கேட்டாள். உடம்புச் சூடு நாங்கள் ஊற்றின உப்புத் தண்ணீராலும் கசாயத்தாலும்தான் என்று செங்கோடன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். இப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். உன் முகம் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் இப்போதும் பொய் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தச் சேலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இதை நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுத்த ஞாபகம் இல்லை, உன் ஆத்தாளையும் கேட்டேன், அவளும் சொல்லவில்லையாம்.

அண்ணாமலை வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான், ஆகவே சுருக்கமாக. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விதையைத் திரும்ப எடுத்துவிடாதே. பிள்ளையின் கைப்பிடிக்குள் அடங்குகிற எதையும் கொடுக்காதே, மூடி, தகரக் குவளை, கழுவின பால் டின், ஓரம் தேய்த்த கொட்டாங்கச்சி, பெரிய இலை, துணித் துண்டு, இவை போதும். ஒரே துணியில் இரண்டு துண்டு கிழித்து ஒன்றை உன் இடுப்பில் செருகிக்கொள், மற்றதை அதுகள் தேடிக்கொண்டு வரட்டும். கண் அசந்துவிடாதே, தூக்கம் வந்தால் எழுந்து நின்றுகொள். பிள்ளை ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டது என்றால் அதட்டாதே, அது விளையாடுகிற பாஷையிலேயே கேள். குடுக்கைக்கு அடையாளம் இனிமேல் குன்றிமணி வேண்டாம், எட்டு மூங்கில் துண்டு சீவிப் போடப் போகிறேன், பங்காளிகள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ அடுத்த வருஷம் வரும்போது வேறு நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்காதே, சிவப்பில் கறுப்புக் கரை ஒன்று தேடி வாங்கி வைத்துக்கொள், மறந்துவிடாதே.

கடிதத்தைப் பிரித்ததும் முதல் வரிகளுக்குக் கீழே ஒரு மசிக் கறையைப் பார்த்திருப்பாய், அய்யன் மசியைக் கொட்டிவிட்டார் என்று நினைத்திருப்பாய். அது கறை இல்லை. நான் விட்டு வைத்த இடத்தில், இப்போதுதான், ராமாயியின் விரலை மசியில் தோய்த்து அழுத்தினேன். உன் விரலை அதன் மேல் வைத்துப் பார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மலை போல் நிலைத்து, வயிறு நிறைந்து, மடி நிறைந்து வாழ எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

உன் அய்யன்
அப்பாசாமி

உன் ஆத்தாள் சுப்பம்மாள் சொல்லச் சொன்னது: அங்கத்துப் பிள்ளைகள் பதினாறையும் சாயங்காலம் எண்ணிப் பார்த்துத்தான் தாய்மார்களிடம் கொடுக்க வேண்டுமாம்.